பாதி அடி தெரியாதவர்

அவர் எதையும் மெதுவாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்தினால் சுவரிலிருந்து காரை உதிரும். தேங்காய் உடைத்தால் இரண்டு மூடியாக இருக்காது, ஐந்தாறு சில்லாக இருக்கும். கோவிலில் சிலுவை அடையாளம் போடும்போதுகூட நெற்றியில் டொக்கென்று சத்தம் கேட்கும்; முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கடவுளைக்கூட அறைந்துதான் கும்பிடுவார் போலிருக்கிறது என்று அக்காவிடம் ஒருமுறை கேலி பேசினேன். அக்கா சிரிக்கவில்லை. அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்.

அவர் என் அக்காவின் புருஷன். நான் மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். பேரை இங்கே எழுதப் போவதில்லை. அக்காவே அந்தப் பேரைச் சொல்வதை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன, நான் எதற்கு எழுத வேண்டும்?

குடவாசல் பக்கத்தில் அவருக்கு வீடும், வீட்டுக்குப் பின்னால் வயலும். எனக்கு அதே ரோட்டில் உரக்கடை. துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் மெஷின் ஓட்டப் போய், சூப்பர்வைசராகி, கொஞ்சம் தொப்பையோடும் நிறைய கோபத்தோடும் திரும்பி வந்தவர். வரும்போது யாரோ கழித்துக் கட்டிய கோல்ஃப் மட்டைகளை ஒரு பையோடு கொண்டுவந்தார். வேலையாட்களை அங்கே பெரிய மைதானத்தில் ஆட விட மாட்டார்கள். ஓரமாக ஒரு சின்ன இடம் இருக்குமாம், லீவு நாளில் அங்கே மட்டும் ஆடலாமாம். பத்து வருஷம் பெரிய மைதானத்தின் புல்லை வெட்டியவர் அதில் ஒரு பந்துகூட அடித்ததில்லை.

"அடிச்சா முழுசா அடிக்கணும் மாப்ள. பாதி அடி அடிக்கிறவன் பயந்தாங்கொள்ளி." இதுதான் அவருடைய வேதவாக்கு. எதற்கும் இதைச் சொல்வார். ஒரு நாள் வரப்பில் சாரைப்பாம்பு ஒன்று போயிற்று. எலி பிடிக்க வந்த அப்பிராணி. மண்வெட்டிக் காம்பால் ஒரே அடியில் அது செத்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. அது பாம்பா கயிறா என்று தெரியாத அளவுக்கு அடித்து, மூச்சு வாங்க நிமிர்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். இன்னொரு அறுவடையில், அறுப்பு மெஷின் டிரைவர் வரப்பின் மூலையைக் கொஞ்சம் இடித்துவிட்டான் என்று அறைந்தார். அவன் துப்பியதில் ஒரு பல் வைக்கோலில் விழுந்தது. அவன் குனிந்து அதைத் தேடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அக்காவுக்கு விழுந்ததை நான் வரிசையாக எழுத மாட்டேன். ஒன்று மட்டும். ஒரு சித்திரை மாதம் அவளுடைய இடது கை முறிந்தது. கும்பகோணத்தில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். எப்படி ஆச்சு என்று சிஸ்டர் கேட்டார். "வரப்புல வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்" என்றாள் அக்கா. வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வெயில் அது. சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே ஒரு தடவை பார்த்தார், அக்காவை ஒரு தடவை பார்த்தார். "வரப்பு உங்களுக்கு மட்டும் வழுக்குதா?" என்றார். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

நாங்கள் சும்மா இருந்தோமா என்று கேட்பீர்கள். ஒருமுறை அவர் சட்டையைப் பிடித்தேன். என் மூக்கு அன்றிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கிறது. இரண்டு தடவை அக்காவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இரண்டு தடவையும் ஃபாதரோடு வந்து நின்று, எங்கள் அப்பா காலில் விழுந்து, மூக்குச் சிந்தி அழுது கூட்டிப்போனார். அழுகையும் முழு அழுகைதான், அதிலும் பாதி கிடையாது. புயல் வெள்ளத்தில் எங்கள் அம்மாவை முதுகில் சுமந்து, இடுப்பளவு தண்ணீரில் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததும் இதே ஆள்தான். அதை வைத்தே அம்மா அவருக்கு ஐந்தாறு வருஷம் வக்காலத்து வாங்கினாள்.

தவக்காலத்தில் அவர் வேறு மனிதர். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோவிலிலிருந்து வருவார், மிச்சமிருக்கும் பாட்டிலை வாய்க்காலில் கவிழ்ப்பார், கூடத்தில் நின்று சொல்வார்: "இன்னிலேர்ந்து கவுச்சி இல்ல, தண்ணி இல்ல, கை இல்ல." ஏதோ ஒரு பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதர் சொல்லி ஆரம்பித்ததாம். கறி மீன் தொடாமல் சுத்தபோசனம் இருப்பதுபோலவே இதையும் கண்டிப்பாக இருப்பார். சாம்பாரில் உப்பில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போவார். கை மட்டும் உயராது.

எல்லோரும் தவக்காலத்தில் நகையைக் கழற்றுவார்கள். எங்கள் அக்கா அப்போதுதான் கண்ணாடி வளையல் போடுவாள். மற்ற நாளில் போட்டால் உடைந்து கையைக் கிழிக்கும். "தவக்காலத்துல போய் வளையலா?" என்று ஊர்ப் பெண்கள் முகவாயில் கை வைப்பார்கள்.  ஈஸ்டருக்கு முந்தின நாள் அவளே ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவாள்.

எனக்கு இதை நினைத்தால்தான் வயிறு எரியும். கோபம் வந்தால் தன்னை மறந்துவிடுகிற ஆள், என்ன செய்வது, என்று சொந்தமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. தவக்காலம் முழுக்க நினைவு வைத்திருக்க முடிகிறதே? கறியை விட்டதுபோல விட முடிகிறதே? அப்படியென்றால் மீதி நாளெல்லாம் தெரிந்தேதான் அடித்திருக்கிறார்.

அந்த வருஷம் சம்பா அறுப்பதற்கு முன்னால், வழக்கமாக நிற்கும் பயிருக்குள் உளுந்து தெளிப்பார்களே, அதை வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலில் மட்டும் தெளிக்கக் கூடாது என்றுவிட்டார். அறுப்பு முடிந்ததும் நெல்லின் அடித்தாளை ஒட்ட வெட்டி, உருளை போட்டு இழுத்து, நான்கு பால் பவுடர் டப்பாக்களைத் தரையில் புதைத்தார். அக்காவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடி கட்டினார். அதுதான் அவருடைய கோல்ஃப் மைதானம். போர் செட்டிலிருந்து பனைமரம் வரைக்கும் போவதுதான் அதிலேயே நீளமான ஆட்டம். ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள்.

அந்தத் தவக்காலம் முழுக்கப் பந்துதான் அடி வாங்கியது. அக்கா பிளாஸ்டிக் வாளியோடு ஓரமாக நிற்பாள், ஓடி ஓடிப் பந்து பொறுக்குவாள். ஈஸ்டர் நெருங்கியதும் என் கடைக்கு வந்தாள். கையில் வளையல் இருந்தது.

"நீ தெனமும் சாயங்காலம் வந்து அவரோட ஆடுடா."

"எனக்கு என்னக்கா தெரியும் அந்த ஆட்டம்?"

"தெரிய வேணாம். தோத்தாப் போதும். அடிக்கிறதெல்லாம் அந்தப் பந்தோட போகட்டும்."

இப்படித்தான் நான் கோல்ஃப் ஆடக் கற்றுக்கொண்டேன். சரியாகச் சொன்னால் தோற்கக் கற்றுக்கொண்டேன். பந்தை வாய்க்காலுக்குள் அனுப்புவேன், வைக்கோல் போரில் சொருகுவேன். முழுசாக விட்டுக்கொடுத்தாலும் சந்தேகம் வரும், கடைசி டப்பா வரைக்கும் போட்டி இருப்பதுபோல் காட்டி அங்கே கோட்டைவிட வேண்டும். அவர் சொல்லிக் கொடுப்பார்: "காலை அகட்டி நில்லு. தலையத் தூக்காத. பந்து மேல பாவம் பாக்காத. அடிச்ச பொறவும் கை நிக்கக் கூடாது." அவர் அடித்தால் பந்து போர் செட்டிலிருந்து கிளம்பி, பாதியில் விழுந்து, மூன்று துள்ளு துள்ளி, பனைமரத்தடிக்கு ஓடிவிடும். "பாத்தியா? துபாய்ல மெம்பருங்ககூட இந்தத் தூரம் அடிக்க மாட்டானுங்க" என்பார்.

முதல் வரியில் எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். டப்பாவுக்குப் பக்கத்தில் பந்து வந்துவிட்டால் அவர் மண்டியிட்டு, வழியில் இருக்கும் தூசியை வாயால் ஊதுவார். பிறகு மட்டையால் பந்தைத் தள்ளுவார். தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு வாளியோடு நின்ற அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். எனக்கு அவரை அங்கேயே கொன்றுபோடலாம் என்று வந்தது.

ஈஸ்டர் போயிற்று. அவர் ஜெயித்த சாயங்காலங்களில் அந்த வீட்டில் சத்தம் இல்லை. நான் காய்ச்சலில் படுத்து, ஆடப் போகாத ஒரே நாளில் அக்காவுக்குக் காது வீங்கியது. அதற்கப்புறம் காய்ச்சலோடும் போனேன்.

சித்திரை பிறந்ததும் அவருக்கு இது புளித்துவிட்டது. "எத்தன நாளைக்கு மாப்ள நாலு தகர டப்பாவுல ஆடுறது? பெரிய கிரவுண்டுக்குப் போவோம். பதினெட்டுக் குழி. முழு நீளம்." துபாயில் பழக்கமான ஒருவர் மலை மேல் உள்ள ஒரு மைதானத்தில் மெம்பர், அவர் சொல்லி ஏற்பாடாகிவிட்டது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாள் சின்ன ஆட்டம் ஆடுவோம், நடுவில் ஒன்பது குழி மைதானம் எங்காவது இருக்கும், அதில் பழகுவோம் என்றேன். "பாதிப் பாதியா ஏறுறது எனக்குத் தெரியாது" என்றார்.

அக்கா வாசலில் நின்று என்னை மட்டும் கூப்பிட்டாள். "அங்க தோத்துட்டு வந்தா?"

"அவருக்கு முன்னாடி நான் தோத்துடுறேன், நீ பயப்படாத" என்றேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

முதல் நாளே போய் லாட்ஜில் தங்கி, விடிந்ததும் மைதானத்துக்குப் போனோம். அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை. கொடி எங்கே என்று தேடினேன், தெரியவில்லை. அது ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மட்டைப் பையைத் தூக்க வந்த நடுவயதுக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார்: "புதுசா வர்றவங்க முன்னாடி இருக்கிற மேடையிலேருந்து அடிங்க சார். தூரம் கொறையும், ஆட நல்லாருக்கும்."

"அது பொம்பளைங்க மேடை. நான் பின்னாடி மேடையிலதான் நிப்பேன்."

அடித்தார். சத்தம் என்னமோ அதே சத்தம்தான். பந்து வானத்தில் வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போனது. இன்னொன்றை வைத்து அடித்தார். அது நேராகப் போயிற்று. நான் மூச்சை விட்டேன். பந்து பாதியில் விழுந்தது, விழுந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்தது. துள்ளவில்லை, ஓடவில்லை. அவர் அது ஓடும் ஓடும் என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊர் வயல் சித்திரையில் செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும். இத்தனை நாளும் பந்தைப் பனைமரம் வரைக்கும் ஓட்டியது அந்தத் தரை. அதைத் தன் கை என்று நினைத்து மலை ஏறி வந்துவிட்டார்.

நானும் என்னால் முடிந்தவரை தோற்றேன். குளத்தில் போட்டேன், மணலில் புதைத்தேன். ஒன்றும் உதவவில்லை. அந்த மைதானத்தில் எதிராளி என்று யாருமே கிடையாது, ஆட்டமே மைதானத்தோடுதான். நான் எவ்வளவு கேவலமாக ஆடினாலும் அவர் ஜெயித்ததாகாது. அவர் ஒவ்வொரு அடியையும் முந்தினதைவிட ஓங்கி அடித்தார். ஓங்க ஓங்கப் பந்து கோணிக்கொண்டு போனது. புல்லோடு மண் கட்டிகட்டியாகப் பெயர்ந்து பறந்தது. உள்ளங்கை கிழிந்து மட்டையின் பிடி சிவப்பாகிவிட்டது.

மூன்றாவது குழியில் எங்களுக்குப் பின்னால் இரண்டு வயதான பெண்மணிகள் காத்திருந்தார்கள். "நீங்க நிதானமா ஆடுங்க, நாங்க முன்னாடி போயிக்கட்டுமா?" என்று சிரித்துக் கேட்டார்கள். அங்கே அது வழக்கமாம். டொக், டொக் என்று சின்னச் சின்னதாக, நேர் நேராகத் தட்டிக்கொண்டு போய், மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தார்கள். ஓங்கி ஒரு அடிகூட அடிக்கவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். நீள மட்டையை எடுத்துப் பக்கத்து மரத்தில் அறைந்தார். திரும்பத் திரும்ப அறைந்தார், பட்டை உரிந்து வெள்ளை தெரிகிற வரைக்கும். மட்டையின் தலை கழன்று பையைத் தூக்கி வந்தவரின் காதை உரசிக்கொண்டு போனது. அந்த மனிதர் காதைத் தொட்டுப் பார்த்தார், விரலில் ரத்தம். பையைக் கீழே வைத்துவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார். கொஞ்ச நேரத்தில் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து எங்களை வெளியே போகச் சொன்னார்கள்.

காரை அவர்தான் ஓட்டினார். மலை இறங்கும் வரைக்கும் நான் ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தேன். ஒரு ஆட்டோக்காரனை உரசி, ஒரு நாயை அடித்துப் போட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தார்.  திருச்சிக்கு வெளியே டீக்கு நிறுத்தியபோது நான் மறைவாகப் போய் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"சரியாப் போகலக்கா. நீ ஒடனே நம்ம வீட்டுக்குப் போயிடு."

"இங்க நல்ல மழைடா. பந்தெல்லாம் வயல்லயே கெடக்கு, பொறுக்கணும்."

"அக்கா, நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுது. எத்தன தடவடா நம்ம வீட்டுக்கு வர்றது?" என்று வைத்துவிட்டாள்.

வீட்டு வாசலில் கார் நின்றபோது வெளிச்சம் இருந்தது. கோடை மழை விட்டு வயலில் வாசனை எழும்பிக்கொண்டிருந்தது. அவர் வீட்டுக்குள் போகவில்லை. மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நேராகப் போர் செட்டுக்குப் போனார். தன் கை போய்விடவில்லை என்று தனக்கே காட்ட வேண்டும் போலிருக்கிறது. நான் பின்னாலேயே ஓடினேன். அக்கா வாளியோடு வயலில் நின்றாள். ஈஸ்டர் முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது, அவள் கையில் கண்ணாடி வளையல் கிடந்தது. 

அவர் அடித்தார். பந்து பாதித் தூரத்தில் பொதக்கென்று சேற்றில் விழுந்து புதைந்தது. இன்னொன்று. அதுவும் புதைந்தது. இன்னொன்று. பனைமரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"தரை நனைஞ்சிருக்குங்க" என்றாள் அக்கா. "இத்தன நாளும் தரைதான் ஓட்டிச்சு. நீங்க இல்ல."

அவர் திரும்பி அறைந்தார். முழு அறை. அவள் சேற்றில் விழுந்தாள், வாளி உருண்டு பந்தெல்லாம் சிதறியது. மட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கினார். நான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். முழங்கையால் என் வாயில் ஒரு குத்து. நான் போர் செட் சுவரோடு போய் விழுந்தேன். எழுந்து பார்க்கும்போது அக்கா பையிலிருந்து ஒரு இரும்பு மட்டையை உருவி நின்றிருந்தாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னடி, ஆடப் போறியா?"

அக்கா அதுவரை மட்டையைப் பிடித்ததே இல்லை. ஆனால் தவக்காலத்திலிருந்து தினமும் வாளியோடு நின்று பார்த்தவள். காலை அகட்டி வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தாள். வளையல் குலுங்கியது. தலையைத் தூக்கவில்லை. அடித்த பிறகும் கை நிற்கவில்லை, தோளுக்கு மேல் போய்த்தான் நின்றது.

ஒரே அடி. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் சேற்றில் கிடந்து மாடு மாதிரி கத்தினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நான் எந்த ஃபாதரிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டதில்லை, கேட்கப் போவதுமில்லை.

வேறு வழியில்லாமல் காரில் தூக்கிப் போட்டுக் கும்பகோணத்துக்குக் கொண்டுபோனோம். அதே எலும்பு ஆஸ்பத்திரி. அதே சிஸ்டர். எப்படி ஆச்சு என்று கேட்டார்.

"வரப்புல வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்" என்றார் அவர், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. "மழை."

அன்றைக்கு மழை பெய்தது ஊருக்கே தெரியும். அவர் வேட்டியெல்லாம் சேறு. அக்கா சொன்னபோது காய்ந்து கிடந்த பொய், அவர் சொல்லும்போது ஈரமாக, அவ்வளவு பொருத்தமாக இருந்தது. பொண்டாட்டி அடித்து விழுந்தேன் என்று அவர் எந்தக் காலத்திலும் வாய் திறக்க மாட்டார். அக்கா மேல் கேஸ் வராது, எல்லாம் இதோடு முடிந்துவிடும். எனக்கு நெஞ்சு லேசானது. "ஆமா சிஸ்டர், சரியான சேறு" என்றேன்.

சிஸ்டர் எழுதப் போனார். அக்கா அந்த மேசை மேல் கையை வைத்தாள்.

"இல்ல சிஸ்டர். வரப்பு வழுக்கல. நான்தான் அடிச்சேன். அன்னிக்கு என் கை ஒடஞ்சுதே, அன்னிக்கும் வரப்பு வழுக்கல. இவர் அடிச்சது. ரெண்டையும் எழுதிக்குங்க."

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். "மெதுவாப் பேசுடி" என்றார் அவர். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா இன்னும் சத்தமாக, முதலிலிருந்து சொன்னாள்.